ஷாஃப்ட் சுலபம், ஹப் தான் வேலை

லாரி வைத்திருப்பவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எஞ்சினின் முறுக்கைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்துவிட்டால் குடியே முழுகிப் போன மாதிரி பதறுவார்கள், நாலு பேருக்கு போன் போடுவார்கள், பட்டறையில் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதே ஆட்களிடம் பின் சக்கரத்தை மாட்டியிருக்கும் நடுப்பகுதியான ஹப் சூடாகிறது, ஓடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், "கிரீஸ் வெச்சா சரியாயிடும்" என்று டீயைக் குடித்துக்கொண்டே பதில் வரும். எனக்கு இது அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. ஷாஃப்ட் மாற்றுவது சில ஸ்பேனர், ஒரு சுத்தியல், கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. ஆளைச் சோதிப்பது ஹப் தான். அதைத் தப்பாகச் செய்தால் ஓடுகிற வண்டியில் சக்கரமே கழன்று போகும்.

எங்களிடம் இருப்பது டாடா 407. 1986-ல் வந்த மாடல் அது, அந்தக் காலத்து வண்டிகளே இன்னும் சில ஊர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்களுடையது அத்தனை பழசில்லை, ஆனால் இளசும் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் கோழித் தீவன மூட்டை, சீசனில் மரவள்ளிக் கிழங்கு, நடுவில் யாராவது வீடு மாற்றினால் சாமான் என்று ஏற்றுகிறோம். எங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஜல்லியும் மணலும் அடித்தவர். எவ்வளவு ஏற்றினார் என்று அவர் சொல்லவில்லை, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் படுத்திருந்ததைப் பார்த்தால் சொல்லத் தேவையும் இல்லை. ஆகவே இங்கே நான் சொல்லப்போகிற எதற்கும் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஷாஃப்ட் ஒடிந்தது ஒரு மேட்டில். பாரத்தோடு நின்று மறுபடி எடுக்கும்போது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த தம்பி, கிளட்ச் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டான். இந்த மாதிரி நேரத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. நாலு சக்கரத்துக்கும் கல்லோ கட்டையோ வைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்காமல் மெதுவாகக் கிளட்சை விட, இன்னொருவர் பக்கவாட்டில் எட்ட நின்று (அடியில் போய்ப் படுத்து அல்ல) கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அது சுற்றவில்லை என்றால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் தேடலாம். அது சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் கோளாறு பின் ஆக்சிலின் உறையான ஹவுசிங்குக்குள். எங்களுக்கு அது ஜாலியாகச் சுற்றியது.

ஒரு பக்கம் தானே ஒடிந்தது, மற்ற பக்கத்துச் சக்கரம் இழுக்க வேண்டாமா என்று எல்லாரும் கேட்பார்கள். பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் முறுக்கு விசையைச் சமமாகத்தான் பிரித்துக் கொடுக்கும், ஒரு பக்கம் எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே சுழன்றால் மறுபக்கத்துக்கும் அதே வெறுமைதான் போகும். சேற்றில் ஒரு சக்கரம் சுற்ற, வண்டி அசையாமல் நிற்பதும் இதே காரணத்தால் தான்.

சரி, இனி வீடு வரை இழுத்து வர வேண்டும். 407-ல் பின் ஆக்சில் 'ஃபுல் ஃப்ளோட்டிங்' வகை, பெரிய லாரிகளிலும் இதே ஏற்பாடு தான். வண்டியின் எடை முழுவதையும் வெளியே இருக்கும் குழாய், அதாவது ஹவுசிங்கின் கை, தாங்குகிறது. அந்தக் கையின் மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் உள்ளது) போட்டு ஹப் உட்கார்ந்திருக்கிறது, ஹப்பில் சக்கரம். ஷாஃப்ட் குழாய்க்குள் போய் டிஃபரன்ஷியலில் பல் கோத்துக்கொள்கிறது. அதற்கு வேலை முறுக்கைக் கடத்துவது மட்டும், ஒரு கிலோ பாரத்தைக்கூட அது சுமப்பதில்லை. அதனால் ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் அப்படியே நிற்கும், இரண்டு ஷாஃப்டையும் உருவி வெளியே எடுத்துவிட்டுக்கூட வண்டியை இழுத்துப் போகலாம். சொல்லப்போனால் அப்படித்தான் இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் எண்ணெயை வாரி அடிக்கிற பற்கள் சுற்றாது, பின் சக்கரம் வழியாகக் கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டு மட்டும் காய்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருக்கும், கொஞ்ச தூரம் என்றால் தப்பிக்கலாம், நெடுந்தூரம் இழுத்தால் ஷாஃப்ட் செலவோடு கியர்பாக்ஸ் செலவும் சேரும். கார், சின்ன வண்டி பலவற்றில் கதையே வேறு, அங்கே ஷாஃப்ட் தான் சக்கரத்தையும் சுமக்கும், ஒடிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும்.

வீட்டில் செய்வது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. எங்கள் பக்கம் பட்டறைகளுக்குக் குறைவே கிடையாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் லாரி வேலை, போர்வெல் போடும் ரிக் வண்டி வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன. ஆனால் வரிசையில் நிற்கிற பத்து டயர், பன்னிரண்டு டயர் வண்டிகளுக்கு நடுவே ஒரு 407-ன் ஹப்பைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. ஹப் வேலையில் முக்கால்வாசி கழுவுவதும் பார்ப்பதும் தான். எங்களுக்கு மூட்டை இறக்குகிற சிமென்ட் தளம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மாமா இருக்கிறார், வட இந்திய லைனில் பல வருஷம் லாரி ஓட்டி, வழியில் ஒடிந்ததையெல்லாம் வழியிலேயே மாட்டிப் பழகியவர். கீழே மண் தரை மட்டும் இருக்கிறவர்கள் இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. ஜாக்கி மண்ணில் இறங்கும், இறங்குவது கண்ணுக்குத் தெரியாது.

முதல் நாளே மாமாவிடம் தம்பி வாங்கிக் கட்டிக்கொண்டான். வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திவிட்டு ஜாக்கியை எடுத்து வந்தான்.

"கட்டைய வெச்சியா கண்ணு?"

"கியர்ல போட்டிருக்கேனுங்க மாமா, எங்க ஓடப் போகுது?"

"ஷாஃப்ட்ட உருவுனதுக்கப்புறம் கியருக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? மொதல்ல கட்டைய வை, அப்புறம் ஜாக்கியத் தொடு."

இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். ஷாஃப்ட் வெளியே வந்த பிறகு கியர் எதையும் பிடிக்காது. சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக் டிரம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பல்லரில் இருக்கும், அதுவும் பிடிக்காது. முன் சக்கரம் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை, பின் ஆக்சில் ஹவுசிங்குக்குக் கீழே பட்டைக்குப் பக்கத்தில் ஜாக்கி, தூக்கியதும் ஸ்டாண்டு, அதற்குப் பக்கத்தில் தடித்த மரக்கட்டை அடுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி எந்த உறுப்பையும் அடியில் நீட்டக் கூடாது. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கத்து நட்டுகளுக்கு இடப்புரி, திறக்கிறேன் என்று இன்னும் இறுக்கி, நட்டு மாட்டும் ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. ஸ்டட்டின் முனையில் எழுத்து அடித்திருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் ஹவுசிங்கில் இருக்கும் 90 ஆயில் என்கிற கியர் எண்ணெய் மறுபக்கம் ஓடிவிடும், தளமெல்லாம் எண்ணெய்க் குளமாகாது. ஹப்பின் முகத்தில் வட்டமாக இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்டின் தட்டு வர வேண்டும், வராது. பல வண்டிகளில் அந்தத் தட்டிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும், அதில் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இந்த ஓட்டைகள் மண்ணும் கிரீஸும் அடைத்து, இருப்பதே தெரியாமல் கிடக்கும், அதனால் தான் பாதிப் பேர் உளியை இடுக்கில் வைத்து அடித்துத் தட்டின் முகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஸ்டட்டும் கூம்புப் புஷ்ஷும் இருக்கிற வண்டியென்றால் தட்டின் நடுவில் செம்போ பித்தளையோ வைத்து ஓங்கி ஒரு அடி, புஷ்ஷெல்லாம் துள்ளி வரும். ஸ்டட்டை அடிக்கவே கூடாது.

வெளியே வந்தது முக்கால் ஷாஃப்ட். மீதித் துண்டு உள்ளே, டிஃபரன்ஷியலின் பற்களில் செருகி நிற்கிறது. ஒடிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தோம், எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் அது. ஒரே அடியில் முறிந்த ஷாஃப்டின் முகம் முழுக்க ஒரே மாதிரிப் புதுசாக இருக்கும். எங்களுடையதில் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி வளைவு வளைவாகக் கோடுகள், அந்தப் பகுதி உரசி உரசி வழுவழுப்பாகி நிறம் மங்கியிருந்தது. மீதி மட்டும் சொரசொரவென்று புதுசு. அதாவது விரிசல் எப்போதோ விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது, மேட்டில் நடந்தது கடைசிப் பகுதி மட்டும். அப்புறம் மறுபக்கத்து முழு ஷாஃப்டையும் உருவினோம். அதன் முனைப் பற்கள் நேராக இல்லாமல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து திருகியிருந்தன. இரும்பு தன் எல்லையைத் தாண்டி முறுக்கப்பட்டு அப்படியே தங்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம். ஜல்லி அடித்த காலத்துக் கணக்கு இங்கே எழுதியிருக்கிறது என்று தம்பி சொன்னான், சரிதான்.

முறுக்கு என்ன அளவுக்கு வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 நியூட்டன் மீட்டர் கொடுக்கிற எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம், முதல் கியரில் 6 மடங்கு, டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 5 மடங்கு என்றால் 7500, ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் 3750. இது மெதுவாக எடுக்கும்போது. எஞ்சினை ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விட்டால் அந்த உதறலில் இதைவிட எவ்வளவோ அதிகம் போகும். தடிமன் விஷயமும் உண்டு: ஷாஃப்டின் முறுக்குத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியாக ஏறும், 35 மில்லிமீட்டர் ஷாஃப்டை 40 ஆக்கினாலே வலு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் கடையில் இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று தருகிற ஷாஃப்ட் சில மில்லி மெலிந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெர்னியரைக் கொண்டுபோய் அளந்தே வாங்கினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பக்கமும் புதுசு. சில வண்டிகளில் இடதும் வலதும் நீளமே வேறு. ஒரே நீளமாக இருந்தாலும், ஓடிய ஷாஃப்டைப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது, ஒரு திசையில் முறுக்கிப் பழகியதை எதிர்த் திசையில் முறுக்கினால் சீக்கிரம் போய்விடும்.

உள்ளே நின்ற துண்டுக்குக் காந்தம் போட்டுப் பார்த்தோம், எண்ணெயின் பிடிப்பில் அது அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து கம்பி விட்டுத் தள்ளலாம் என்றால் பல டிஃபரன்ஷியல்களில் நடுவில் இருக்கும் சிலுவை வழியை மறித்துக்கொண்டிருக்கும். மாமா ஒரு குழாயும் பழைய கிளட்ச் கேபிளும் கேட்டார். கேபிளை மடித்துக் குழாய்க்குள் விட்டு, முனையில் ஒரு சுருக்குக் கண்ணி, ஓணானுக்குத் தென்னை ஈர்க்கில் போடுவோமே அதே மாதிரி. டார்ச் அடித்துக்கொண்டு துண்டின் மேல் மாட்டி, இந்தப் பக்கம் கேபிளை இழுத்து இறுக்கி, மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவந்தார். பிறகு கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து எண்ணெய் முழுவதையும் ஒரு சுத்தமான தொட்டியில் வடித்துக் காந்தம் விட்டுப் பார்த்தோம். சாம்பல் நிறப் பசை மாதிரி நைசான தூள் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் கிரவுனைத் திறந்தே ஆக வேண்டும். எங்களுக்குப் பசை மட்டும் தான் வந்தது.

ஷாஃப்ட் கதை இவ்வளவுதான். புதுசை உள்ளே தள்ளி போல்ட்டை இறுக்கினால் அன்றைக்கே வண்டி ஓடியிருக்கும், பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வலப்பக்கம் பிரேக் டிரம்மின் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கும், கையால் சக்கரத்தை ஆட்டினால் ஒரு தொளதொளப்பும் இருந்தது. அதனால் ஹப்பையும் கழற்றினோம்.

ஹப்பின் லாக் நட்டைக் கழற்ற அதற்கென்று ஒரு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் நட்டில் உளித் தழும்பு இல்லாத இடமே இல்லை, முன்பு கழற்றியவர்களெல்லாம் உளியால் அடித்தே கழற்றியிருக்கிறார்கள். அந்த அடியில் தெறிக்கும் இரும்புத் தூள் எங்கே போகும்? நேராகப் பக்கத்தில் இருக்கும் பேரிங்குக்கு. வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி, பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டால் ஹப் வெளியே வரும். வெளிப் பேரிங் கீழே விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். எடை அதிகம், இரண்டு பேர் வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமலே, டயருக்கு அடியில் தகரம் போட்டு அதன்மேல் கிரீஸ் தடவி, மொத்தமாக வழுக்கிக்கொண்டு வெளியே இழுக்கிற வித்தையும் உண்டு, ஆள் இல்லாதபோது உதவும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

உள்ளே இருந்த கிரீஸ் இரண்டு நிறத்தில் இருந்தது. அடியில் ஒரு பழைய கறுப்பு, மேலே யாரோ அப்பிய சிவப்பு, இரண்டையும் கரைத்துக்கொண்டு 90 ஆயில். எல்லா கிரீஸும் ஒன்றோடொன்று சேராது, லித்தியம் சோப்பில் செய்ததன் மேல் வேறு வகையைப் போட்டால் சிலது தண்ணீராக இளகி ஓடிவிடும். முழுவதையும் வழித்து, டீசலில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து (திருப்பூர் பக்கத்தில் இருப்பதன் பயன்) வெயிலில் வைத்துப் பார்த்தோம். கழுவிய பேரிங்கை ஏர் கம்ப்ரசரில் ஊதி விர்ரென்று சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள் பையன்கள், கூண்டு உடைந்தால் ரோலர் தோட்டா மாதிரி பறக்கும், எங்கள் வீட்டில் அதற்குத் தடை.

வெளிப் பேரிங்கின் உள்வளையமான கோன் நீலமும் காவியுமாக நிறம் மாறியிருந்தது, சூடேறிய அடையாளம். உள் பேரிங்கின் வெளிவளையமான கப்பில் வழவழப்பான பாதையில் சின்னச் சின்னச் செதில் பெயர்ந்திருந்தது. கரகர சத்தம் அங்கிருந்து தான். இது போனால் பேரிங்கை மாற்றிவிடலாம், கோனும் கப்பும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், புதுக் கோனைப் பழைய கப்பில் ஓட்டினால் காசு வீண். எண் தெளிவாக இருந்தால் கடையில் குழப்பம் வராது: 32210 மாதிரி மெட்ரிக் எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 50 மில்லி என்று வந்துவிடும். 1898-ல் ஹென்றி டிம்கன் வண்டிச் சக்கரங்களுக்காகக் காப்புரிமை வாங்கிய அதே டேப்பர் யோசனை தான் இன்றும் ஓடுகிறது, மேலிருந்து வரும் பாரத்தையும் திருப்பத்தில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அதைவிட மோசமான ஒன்று ஹப்பிலேயே இருந்தது. கப்பைத் தட்டி எடுக்கப் பித்தளை ராடை வைத்தால், அடிக்கு முன்பே அது கையோடு வந்துவிட்டது. கப் உட்காரும் இடம் தேய்ந்து, கப் ஹப்புக்குள் தானும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு முன்பே யாரோ அந்தத் தேய்மானத்தைப் பார்த்து, உள்சுவரில் சென்டர் பஞ்சால் வரிசையாகக் குத்திக் குத்தி மேடு எழுப்பிக் கப்பை 'டைட்' பண்ணியிருக்கிறார்கள். இந்த வைத்தியம் நம் ஊரில் வெகு சாதாரணம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறை முதல் நெடுஞ்சாலை ஓரம் வரை எல்லா இடத்திலும் நடக்கிறது. அன்றைக்கு வண்டி வீடு போய்ச் சேர அது உதவும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. புள்ளி மேடுகளின் மேல் மட்டும் உட்கார்ந்திருக்கும் கப்புக்குச் சுற்றிலும் தாங்கல் கிடையாது, பாரத்தில் அது வளையும், வளைந்த கப்பில் ரோலர் சமமாக உருளாது, செதில் பெயரும். எங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பேரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும். புது ஹப் வாங்கினோம். பழைய சாமான் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்குவதானால் கப் உட்காரும் இடத்தை அளந்து, பஞ்ச் தழும்பு இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஹவுசிங்கின் கையில் கோன் உட்காரும் இடத்தையும் மறக்காமல் பாருங்கள், அங்கே ஆழமாகத் தேய்ந்திருந்தால் அது வீட்டு வேலை இல்லை.

ஹவுசிங்கின் எண்ணெய் ஹப்புக்குள் வராமல் தடுக்கும் வளையமான சீல் எதனால் கசிந்தது என்பதற்கு விடை வேறு இடத்தில் இருந்தது. ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன பிரீதர் மூடி இருக்கும், உள்ளே சூடாகி விரியும் காற்று வெளியேற. எங்களுடையது சேறு காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. காற்றுக்குப் போக வழி இல்லை, அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது, அது ஹப்பில் கிரீஸைக் கரைத்து, அங்கிருந்து லைனிங்குக்கு. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது அதனால் தான். சீல் மேல் சீலாக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை இந்த மூடியைத் திருகிப் பாருங்கள்.

புதுக் கப்பை ஹப்பில் ஏற்றுவதற்கு முந்தின இரவு அதைப் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். காலையில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இது என்ன என்று அம்மா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஹப்பை வெயிலில் போட்டுவைத்தோம். இரும்பு 100 மில்லி விட்டத்துக்கு, 60 டிகிரி வித்தியாசம் இருந்தால், சுமார் 0.07 மில்லி சுருங்கும் அல்லது விரியும், இறுக்கமாக உட்கார வேண்டிய கப்புக்கு அந்த இடைவெளியே பெரிய உதவி. பழைய கப்பின் வெளிவட்டத்தைக் கொஞ்சம் அரைத்துச் சின்னதாக்கி அதையே மேலே வைத்து அடித்தால் நேராக இறங்கும். அடியில் போய் முட்டியதும் சுத்தியலின் சத்தம் மாறும். மாறிய பிறகும் மெல்லிய கேஜ் தகடு ஒன்றைச் சுற்றிலும் விட்டுப் பார்த்து, எங்கும் நுழையவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கிரீஸ் என்றால் ஹப்பை ரொப்புவது என்று நினைக்கிறார்கள். கிரீஸ் இருக்க வேண்டியது ரோலர்களுக்கு நடுவில். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்துக்கொண்டு பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர் இடுக்கு வழியாகப் பிதுங்கி வரும்வரை சுற்றிலும் செய்ய வேண்டும். ஹப்பின் வயிற்றுக்குள் பாதிக்கு மேல் போட்டால் அது கடைந்துகொண்டே சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உள் லாக் நட்டை இறுக்குவது. ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டே, சுற்ற முரண்டு பிடிக்கும்வரை நட்டை இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் சீராக உட்காராது, இறுகிய மாதிரி ஏமாற்றும். பிறகு பின்னோக்கித் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி வேறு, ஆறில் ஒரு சுற்று என்பது பலர் சொல்லும் கணக்கு, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதே முடிவு. தளர்த்திய பிறகு ஹப் முன்னும் பின்னும் ஆடும் அளவு, கையால் சரிசெய்யும் லாரி பேரிங்குகளுக்குப் பொதுவாக 0.025-லிருந்து 0.125 மில்லி வரை. மெல்லிய தலைமுடி ஒன்றின் தடிமன் போல. லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காந்த அடி வைத்த டயல் கேஜ் வாங்கி வந்திருந்தேன். மாமா கையால் ஆட்டிப் பார்த்து, "போதுங்க மாப்ள, இதுக்கு மேல இறுக்குனா புகையும்" என்றார். கேஜில் 0.2-ஐத் தாண்டியது. அவர் ஓட்டிய பெரிய லாரிகளில் கொஞ்சம் தாராளமாக விட்டே பழக்கம், இறுக்கத்தால் எரிந்த பேரிங்குகளைச் சாலையில் பார்த்த பயம் அது, தப்பான பயமும் இல்லை. ஆனால் ஆட்டம் அதிகமானால் சீலும் சேர்ந்து ஆடிக் கசியும். நட்டைத் துளித்துளியாக நகர்த்தி அளவுக்குள் கொண்டுவந்து, "இப்பப் பாருங்க மாமா" என்றேன். "உங்க மிசினு சொன்னா சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்க அந்தப் பக்கம் போய்விட்டார். வாஷரை மடித்து, வெளி லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளக்க வேண்டும், அது இறுகும்போது உள்ளே இருப்பதையும் கொஞ்சம் தள்ளும்.

ஷாஃப்டை நுழைக்கும்போது பற்களில் 90 ஆயில் தடவி, சீலின் உதட்டில் உரசாமல் தூக்கிப் பிடித்து உள்ளே விட வேண்டும். பல் சேரவில்லை என்றால் புரொப்பல்லரைக் கையால் கொஞ்சம் திருப்பினால் போதும், சுத்தியல் தேவையில்லை. புது பேக்கிங். தட்டும் ஹப்பும் சேரும் முகங்கள் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், முறுக்கைக் கடத்துவதில் பெரும்பங்கு அந்த இரண்டு முகங்களுக்கு இடையே இருக்கும் உராய்வு, போல்ட்டின் வேலை அவற்றை அழுத்திப் பிடிப்பது. பிசுக்கு இருந்தால் தட்டு நூலளவு நழுவும், நழுவ நழுவ போல்ட்டு தளரும், கடைசியில் வெட்டிக்கொண்டு போகும். டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கினோம். எண்ணெயை அளவுத் துளை வரை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும், ஒரு பங்கு ஹவுசிங்கின் இரண்டு கைகளுக்கும் ஓடிப் போய்விடும் என்பதால் அளவு இறங்கியிருக்கும். போல்ட்டுகளையும் அப்போதே திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டம் காலி வண்டியில், சங்ககிரி சாலையில். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பக்க ஹப்பின் சூட்டையும் ஒப்பிட்டோம். கையை வைப்பதைவிடச் சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நல்லது, இப்போது மலிவாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூடுதல் என்றால் அங்கே இறுக்கம் அதிகம், இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்தது, சத்தமும் நின்றுவிட்டது.

கிரவுன் வேலையை மட்டும் நான் வீட்டில் தொடமாட்டேன். பினியனுக்கும் கிரவுனுக்கும் இடையே விடுகிற இடைவெளி, பல்லில் சாயம் தடவித் தொடுகிற இடத்தைப் பார்ப்பது, ஷிம் போட்டு எடுப்பது எல்லாம் அதையே தினமும் செய்கிற கைகளுக்கானது, அந்தத் தூளில் சில்லு வந்திருந்தால் ஹவுசிங்கோடு பட்டறைக்கு ஏற்றி அனுப்பியிருப்பேன். இடப்பக்கத்து ஹப்பைக் கிழங்கு சீசன் முடிந்து வண்டி சும்மா நிற்கும்போது கழற்றுவதாக இருக்கிறோம். சீல், பேரிங் வாங்கி வைத்தாயிற்று. ஹப் வாங்கவில்லை, திறந்து பார்த்துவிட்டு அந்தப் பஞ்ச் தழும்பு அங்கேயும் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.